வெப்ப நீரோட்டத்தைப் பின்தொடர்ந்து வடக்கே

ஆர்க்டிக் பகுதியைக் கப்பலில் பார்க்கக் கிளம்புவோரில் பெரும்பாலோர் ஓஸ்லோ வழியாக விமானத்தில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் லாங்கியர்பியென் நகருக்குப் போய் இறங்கி, அன்று மாலையே கப்பலேறிவிடுகிறார்கள். காலையில் பச்சை மரங்களையும் பிற்பகலில் பனியாறுகளையும் பார்த்துவிடலாம். விடுமுறை நாட்களும் மிச்சமாகும். நான் தேர்ந்தெடுத்தது சுற்றுவழி. மே மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் துறைமுகத்தில் ஏறி, ஆர்க்னி, ஃபேர் ஐல், ஷெட்லாண்ட், யான் மாயென் என்று தீவு தீவாக வடக்கே நகர்ந்து, ஜூன் மாதத்தில் லாங்கியர்பியென்னில் கரையிறங்கினேன். 57ஆம் பாகையில் புறப்பட்டு அட்சரேகைகளை ஒவ்வொன்றாகக் கடந்ததால், முதலில் மரங்களும், பிறகு மனிதர்களும், கடைசியில் இரவும் இல்லாமற்போய் ஆர்க்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிவருவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை என்பது என் கட்சி. அதைச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இப்படியொரு வழித்தடம் இருப்பதற்கே காரணம் கப்பல்களின் இடமாற்றம்தான். துருவப் பகுதிகளுக்கென்றே ஓடும் சிறு கப்பல்கள் நவம்பர் முதல் மார்ச் வரை அண்டார்க்டிகாவில் இருக்கும். பிறகு அட்லாண்டிக்கின் முழு நீளத்தையும் கடந்து ஐரோப்பாவுக்கு வந்து, அங்கிருந்து கோடைக்காலத்துக்கு ஸ்வால்பார்டு போய்ச் சேர வேண்டும். வெறுங்கப்பலாக ஓட்டுவானேன் என்று அந்தப் பயணத்துக்கும் சீட்டு விற்கிறார்கள். கரையே தென்படாத நாட்கள் நடுவில் வருவதால் கூட்டம் குறைவு. வருகிறவர்களும் பெரும்பாலும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மேல்தளத்திலேயே குடியிருக்கும் பறவைப் பித்தர்களும், நான்கு நாள் மூடுபனி என்றாலும் முகம் சுளிக்காத வயதானவர்களும்தான். எங்கள் கப்பலில் பயணிகள் நூறு பேருக்குச் சற்று அதிகம். நீச்சல்குளம், சூதாட்ட அறை, மேடைக் கச்சேரி எதுவும் கிடையாது. அவற்றுக்கு மாறாக, கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் அறை ஏறக்குறைய எந்நேரமும் பயணிகளுக்குத் திறந்திருந்தது. கையில் தேநீர்க் கோப்பையுடன் அங்கே போய், ரேடார் திரையைப் பார்த்தபடி வாய் பேசாமல் நின்றுகொண்டிருக்கலாம்.

முதல் நாளே எல்லோருடைய காலணிகளும் பைகளும் சோதிக்கப்பட்டன. இது வெடிபொருள் தேடும் சோதனை அல்ல, விதை தேடும் சோதனை. மழைக்கோட்டின் ஒட்டுப்பட்டையில் சிக்கியிருக்கும் புல் விதைகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியும், காகிதம் கோக்கும் கிளிப்பின் நுனியால் நெம்பியும் எடுத்தார்கள். பக்கத்திலிருந்த பெண்மணியின் முதுகுப்பையின் மடிப்பிலிருந்து ஏதோ ஒரு நாட்டின் காய்ந்த நெருஞ்சி போன்ற முள் ஒன்று வந்தது. ஒவ்வொரு தீவில் இறங்கும் முன்பும், ஏறிய பின்பும், ரப்பர் பூட்ஸைக் கிருமிநாசினித் தட்டில் நனைத்தாக வேண்டும். பலகையில் தொங்கும் நம் எண் வில்லையைக் கரைக்குப் போகும்போது திருப்பி வைத்து, திரும்பி வந்ததும் நேராக்க வேண்டும். ஒரு வில்லை திரும்பாமல் இருந்தாலும் கப்பல் நங்கூரம் எடுக்காது. துறைமுகம் இல்லாத தீவுகளில் ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகில்தான் கரைக்குப் போக முடியும். ஏறும்போது கையைப் பிடிக்கக் கூடாது, ஒருவர் முன்கையை மற்றவர் முன்கையோடு கோத்துப் பிடிக்க வேண்டும். ஈரக்கை வழுக்கினாலும் மணிக்கட்டில் பிடி நின்றுவிடும் என்பது அதன் கணக்கு.

பயணம் முழுவதும் எங்களுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து கிளம்பும் வளைகுடா நீரோட்டம், வட அட்லாண்டிக் நீரோட்டமாக விரிந்து, ஸ்காட்லாந்துக்கும் ஃபாரோ தீவுகளுக்கும் இடையே நுழைந்து, நார்வேக் கரையோரமாக ஏறிச் செல்கிறது. அங்கிருந்து ஒரு கிளை பேரன்ட்ஸ் கடலுக்குப் பிரிய, மற்றொன்று ஸ்வால்பார்டின் மேற்குக் கரையை ஒட்டிப் போய், அதன் வடக்கே குளிர்ந்த நீருக்கு அடியில் அமிழ்ந்து துருவப் பெருங்கடலுக்குள் புகுந்துவிடுகிறது. வரைபடத்தில் பார்த்தால் கிரீன்லாந்தின் தென்முனையும் ஷெட்லாண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 60ஆம் பாகையை ஒட்டி இருக்கின்றன. கிரீன்லாந்து முனையை ஒவ்வொரு வசந்தத்திலும் துருவத்திலிருந்து இறங்கிவரும் கடற்பனி சூழ்ந்துகொள்கிறது. ஷெட்லாண்டில் செம்மறியாடு மேய்கிறது. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் அந்த வெப்ப நீர்தான். வடக்குத் தீவுகளின் வரலாறு நெடுகிலும், மனிதன் எவ்வளவு தூரம் ஏற முடிந்தது என்ற கேள்விக்கு விடையாக இந்த நீரே இருக்கிறது.

ஆர்க்னியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். 5000 ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்காரா பிரே குடியிருப்பையும் பிராட்கர் கல்வட்டத்தையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஸ்காரா பிரே வீடுகளில் கட்டில், அலமாரி, நீர்த்தொட்டி எல்லாமே கல். தட்டுத் தட்டாகப் பிளந்து வரும் கல் அங்கே ஏராளம். மரமோ அன்றே அரிது. அந்தப் பற்றாக்குறையால்தான் அந்த வீடுகளின் தட்டுமுட்டுப் பொருட்கள் இன்றளவும் நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன. மரத்தில் செய்திருந்தால் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். அபர்தீனில் தெருவோரம் நிழல் தந்த மரங்களுக்குப் பிறகு, காற்று அனுமதித்த உயரத்துக்கு மேல் வளராத ஒன்றிரண்டு குட்டை மரங்களைத்தான் இங்கே பார்த்தேன்.

ஃபேர் ஐல் ஆர்க்னிக்கும் ஷெட்லாண்டுக்கும் நடுவில் தனியாகக் கிடக்கிறது. நீளம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். மக்கள்தொகை ஐம்பது அறுபதுக்குள். ஷெட்லாண்டிலிருந்து அங்கு ஓடும் பயணிப் படகுக்குக் குட் ஷெப்பர்ட் என்று பெயர். நல்ல மேய்ப்பன் என்ற அந்தப் பெயரைத் தாங்கியும் அது ஆட்டும் ஆட்டம் பிரசித்தம் என்று எங்கள் வழிகாட்டிகளில் ஒருவர் சிரித்தார். படகுத்துறையில் எங்களை வரவேற்கத் தீவுக்காரர்கள் சிலர் தங்கள் பழைய கார்களுடன் நின்றிருந்தார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு ஊர்க்கூடத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் நடந்தோம்.

படகுத்துறைக்குப் பக்கத்துப் புல்சரிவிலேயே பஃபின்கள் உட்கார்ந்திருந்தன. மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் பறவை இது. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் அவை நம்மைப் பொருட்படுத்துவதில்லை. ஒன்று மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் இறங்கி, ஆரஞ்சுக் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, வளைக்குள் தலையை நுழைத்து, கால்களால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. அந்த மண் பின்னாலிருந்த இன்னொரு பஃபினின் மார்பில் விழ, அது ஓரடி நகர்ந்து நின்றுகொண்டு மறுபடியும் அதே வேடிக்கையைப் பார்த்தது. இவற்றின் முக்கிய உணவான சாண்ட்ஈல் என்ற மெல்லிய மீன், குளிர்நீரில் செழிக்கும் நுண்ணிய கடலுயிரிகளை நம்பியிருக்கிறது. கடல் சூடேறச் சூடேற அந்த உயிரிகள் வடக்கே விலகிப்போகின்றன. 2024 முதல் ஸ்காட்லாந்துக் கடலில் சாண்ட்ஈல் பிடிப்பதே தடை செய்யப்பட்டிருக்கிறது. தீவுக்கு வாழ்வு தந்த அதே வெப்ப நீர் அளவு மீறும்போது என்ன செய்கிறது என்பதை இந்தப் பறவையிடம்தான் முதலில் பார்த்தேன்.

ஃபேர் ஐலின் பெயர் உலகெங்கும் தெரிந்திருப்பது கம்பளிப் பின்னலால். எத்தனை வண்ணங்கள் தெரிந்தாலும் ஒரு வரிசைக்கு இரண்டு நிற நூல்களை மட்டுமே எடுப்பது மரபு. பயன்படாத நூல் பின்புறமாக ஓடுவதால் துணி இரட்டைத் தடிமனாகி, குளிர் தாங்குகிறது. ஊர்க்கூடத்தில் விற்ற ஒரு குல்லாயை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்துக்குச் சற்றும் குறையாத ஒழுங்கு. விலையைக் கேட்டதும் ஒரு கணம் தயங்கினேன் என்பதும் உண்மை. கேக்கும் தேநீரும் பரிமாறிய அம்மையார், பறவை ஆய்வகம் எரிந்துபோன 2019 மார்ச் மாத நாளைப் பற்றிப் பேசினார். அந்த ஆய்வகத்தை 1948இல் தொடங்கியவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த காலத்திலேயே அதற்குத் திட்டம் போட்டவர் அவர். விடுவிக்கப்பட்டுக் கப்பலில் திரும்பியபோது அவர் கண்ணில் பட்ட முதல் பிரிட்டிஷ் மண் இதே ஃபேர் ஐல்தான் என்று தீவில் சொல்கிறார்கள். ஆளரவமற்று வெறுமையாகும் அபாயத்தில் இருந்த தீவு, அந்த ஆய்வகத்தாலும் 1954 முதல் தீவின் உரிமையைப் பெற்ற ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையாலும் பிழைத்தது. இதற்கு மேற்கே இருக்கும் செயின்ட் கில்டா தீவுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; அங்கே எஞ்சியிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று கப்பலேறி நிரந்தரமாக வெளியேறினார்கள்.

ஷெட்லாண்டும் ஆர்க்னியும் ஸ்காட்லாந்தின் கைக்கு வந்த கதை நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியன், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தபோது, பேசிய வரதட்சணைக்குக் கையில் பணம் இல்லாமல், 1468இல் ஆர்க்னியை 50,000 புளோரினுக்கும் 1469இல் ஷெட்லாண்டை 8,000 புளோரினுக்கும் ஈடாக வைத்தார். பணம் கட்டப்படவேயில்லை, அடகு மூழ்கிப்போனது. ஊர்ப் பெயர்களிலும் பேச்சிலும், பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸின் சாயல் இன்னும் அங்கே நிற்கிறது.

ஷெட்லாண்டில் என் மனதில் தங்கியது மூசா என்ற ஆளில்லாத சிறு தீவு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் சாந்து இல்லாமல் வெறுங்கல் அடுக்கிக் கட்டிய 13 மீட்டர் உயரக் கோபுரம் அங்கே அப்படியே நிற்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் படகில் போனோம். ஜூன் மாதத்தில் அந்த அட்சரேகையில் இருட்டு முழுதாக வருவதில்லை. அந்திக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட அரைவெளிச்சத்தை உள்ளூரில் சிம்மர் டிம் என்கிறார்கள். கோபுரச் சுவரில் காதை வைத்தால் கற்களுக்குள்ளிருந்து குறுகுறுவென்று ஓர் ஓசையும், நடுவே விக்கல் போன்ற ஒரு வெட்டும் கேட்டன. சுவரிடுக்குகளில் அடைகாக்கும் ஸ்டார்ம் பெட்ரல் பறவைகள் அவை. ஒரு பறவையின் எடை 25 கிராம் அளவில்தான். குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கக் கடலில் கழித்துவிட்டு வருகின்றன. கடற்காகங்களுக்கும் ஸ்குவாக்களுக்கும் இரையாகாமலிருக்க, வெளிச்சம் மிகவும் மங்கும் வரை கடலிலேயே காத்திருந்து பிறகுதான் கரைக்கு வரும். நள்ளிரவை நெருங்கியபோது தலையைச் சுற்றி வௌவால்களைப்போல அவை பறக்கத் தொடங்கின. ஒன்றின் இறகு என் காதை உரசிச் சென்றது. பயணத்தின் கடைசி இரவு என்று சொல்லத் தக்கது அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கூடி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் சூரியன் அடிவானத்தைத் தொடுவதையே நிறுத்திவிட்டது.

ஷெட்லாண்டிலிருந்து யான் மாயென் 1200 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பலுக்கு இது ஏறத்தாழ மூன்று நாள் வேலை. கப்பல் நன்றாகவே ஆடியது. மருத்துவரின் மாத்திரையைவிட நான் ஊரிலிருந்து கொண்டுபோன இஞ்சி மிட்டாய் அறைத்தோழருக்கு அதிகம் உதவியது என்பதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களைக் காப்பாற்றியது ஃபுல்மர். அபர்தீனிலிருந்தே கப்பலுக்குப் பின்னால் இறக்கையைச் சற்றும் அடிக்காமல், அலை எழுப்பும் காற்றின் மேல் விறைப்பாக மிதந்துகொண்டே வரும் பறவை இது. அலகின் மேல் குழாய்போல அமைந்த மூக்குத்துளை வழியே, குடித்த கடல்நீரின் உப்பைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும். ஸ்காட்லாந்தில் எங்களோடு வந்தவையெல்லாம் வெள்ளைத் தலையும் சாம்பல் முதுகுமாக இருந்தன. மூன்றாம் நாள் காலையில் மேல்தளத்துக்குப் போனபோது கூட்டத்தில் பாதிக்கு மேல் தலை முதல் வால் வரை புகை நிறத்தில் இருந்தன. வடக்கே போகப் போக இந்தக் கருநிற வகை பெருகும். ஸ்வால்பார்டில் அதுதான் பெரும்பான்மை. ஜி.பி.எஸ். திரையில் எண் மாறுவதைவிட இது எனக்கு நம்பத்தக்க சான்றாகத் தோன்றியது.

யான் மாயென் நார்வேக்குச் சொந்தமான எரிமலைத் தீவு. கரண்டி வடிவில் நீண்டு, அதன் வட பாதியில் 2277 மீட்டர் உயரத்துக்குப் பீரன்பெர்க் எழுந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் உள்ள இயங்கும் எரிமலைகளில் உலகின் வடகோடியில் இருப்பது இதுவே. கடைசியாக 1985இல் வெடித்தது. அந்த மலையை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த நேரம் முழுவதும் முந்நூறு மீட்டருக்கு மேல் மேகம் மூடியிருந்தது. மலையின் காலடியிலிருந்து கடலில் இறங்கும் பனியாறுகளின் நாக்குகள் மட்டும் மேகத்துக்குக் கீழே தெரிந்தன. ஒரு பக்கக் கரையில் அலை அதிகமாக இருந்ததால் கேப்டன் கப்பலைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய், க்வால்ரோஸ்புக்தா என்ற வளைகுடாவில் இறக்கினார். கன்னங்கரிய மணல், அதன் மேல் வெளுத்துப்போன பெருமரக்கட்டைகள். மரமே முளைக்காத தீவில் கிடக்கும் இந்தக் கட்டைகள் சைபீரிய ஆறுகளில் அடித்துவரப்பட்டு, கடற்பனியில் சிக்கி, துருவப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, பனி உருகும் இடத்தில் விடுபட்டு வந்தவை. வெப்ப நீர் ஒரு பக்கம் வடக்கே ஏற, மறுபக்கம் குளிர்நீர் கிரீன்லாந்தை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. இந்தத் தீவு அந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மூடுபனி ஓயாததற்கும் அதுவே காரணம்.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே திமிங்கில எண்ணெய் காய்ச்சினார்கள். உபகரணங்களைக் காவல் காக்க 1633இல் ஏழு பேரைக் குளிர்காலம் முழுவதும் தங்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு கப்பல்கள் வந்தபோது ஏழு பேரும் இறந்துகிடந்தார்கள். இன்று தீவில் இருப்போர் வானிலை நிலையத்தையும் இராணுவத் தகவல் தொடர்பையும் கவனிக்கும் இருபதுக்கும் குறைவான நார்வேக்காரர்கள். அவர்களும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். ஃபேர் ஐலில் குடும்பங்கள் இருந்தன, பள்ளிக்கூடம் இருந்தது. இங்கே பணிமுறைப் பட்டியல் மட்டுமே இருக்கிறது. வெப்ப நீரின் பாதுகாப்பிலிருந்து சற்றே மேற்கே விலகினால் போதும், குடியிருப்பு என்பது பணியிடமாகச் சுருங்கிவிடுகிறது.

அங்கிருந்து வடகிழக்கே போகும் வழியில் கடற்பனியின் விளிம்பைத் தேடினோம். பனி இருக்கும் திசையில் மேகத்தின் அடிப்புறம் வெளிறி மின்னும். திறந்த கடல் உள்ள திசையில் அது கறுத்திருக்கும். செயற்கைக்கோள் படம் இல்லாத காலத்து மாலுமிகள் மேகத்தையே வரைபடமாகப் படித்தார்கள். பிரிட்ஜில் நின்ற அதிகாரி அதைக் காட்டிய பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் முதல் பனித்தட்டுகள் வந்தன. அலை சட்டென்று அடங்கியது. கப்பலின் ஆட்டம் நின்று, அதற்குப் பதிலாக முன்புறத்திலிருந்து இரும்பில் ஏதோ உராயும் முழக்கம் தொடங்கியது. தட்டுகளின் மேல் ஹார்ப் சீல்கள் படுத்திருந்தன. கப்பல் நெருங்கியபோது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சில மட்டும் நீரில் வழுக்கி இறங்கின.

ஸ்வால்பார்டின் வடமேற்கு முனையை அடைந்தபோது 80ஆம் பாகையை நெருங்கியிருந்தோம். இதே அட்சரேகையில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை அந்த மாதத்தில் பனியால் அடைபட்டிருக்கும். இங்கே கப்பல் சாதாரணமாக ஓடுகிறது. டச்சு மாலுமி வில்லம் பேரன்ட்ஸ் 1596இல் இந்தக் கரையைக் கண்டதும், அடுத்த சில பத்தாண்டுகளில் திமிங்கில வேட்டைக்காரர்கள் குவிந்ததும் இந்தத் திறந்த நீரால்தான். போஹெட் திமிங்கிலம் மெதுவாக நீந்தும், கொன்றால் மிதக்கும். அதுவே அதற்கு வினையாயிற்று. ஸ்மீரன்பர்க் கரையில் எண்ணெய் காய்ச்சிய அடுப்புகளின் வட்டங்கள் இன்னும் கிடக்கின்றன. சிந்திய எண்ணெயும் மணலும் இறுகிக் காரைபோல் ஆகியிருக்கின்றன. அவற்றைத் தொடக்கூட அனுமதியில்லை, ஏனெனில் 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவும் அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. ஒரு துருப்பிடித்த ஆணியானாலும் அப்படித்தான்.

துருவக்கரடியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தோம், வெகு தூரத்திலிருந்து. 2025 ஜனவரி முதல் ஸ்வால்பார்டில் கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடற்கழியான ஃபியோர்டின் உறைபனி மேல் சற்றே மஞ்சள் கலந்த ஒரு புள்ளி நகர்ந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது அது சீல் மூச்சுவிடும் துளையருகே நெடுநேரம் அசையாமல் நின்றது. பெரிய லென்ஸ் கொண்டுவந்த சிலருக்கு மனக்குறை. விதி மிகையானது என்று இரவு உணவின்போது முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு பேருக்கு ஒரு நல்ல படம் கிடைப்பதற்காக, வேட்டைக்குக் காத்திருக்கும் விலங்கு எழுந்து நடக்க வேண்டியதில்லை. அதே விதித்தொகுப்பின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. அங்கே கரையிறங்கவும் குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே அனுமதி. கனரக எரியெண்ணெய் 2022 முதலே ஸ்வால்பார்டின் கடல் முழுவதிலும் தடை. இத்தனைக்குப் பிறகும் இந்தப் பயணம் எரிக்கும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல என்பதை மறைக்க முடியாது. சூழல் உணர்வோடு போகிறோம் என்ற விளம்பர வாசகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நீ-ஓலெசுன் என்ற ஆய்வு ஊருக்குள் நுழையும் முன்பே எல்லோருடைய கைப்பேசியிலும் வைஃபையும் புளூடூத்தும் அணைக்கப்பட்டன. அங்கே தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ரேடியோ அலைகளைக் கொண்டு பூமியின் அசைவை அளக்கும் ஆன்டெனாக்கள் இருப்பதால் ஊரே ரேடியோ மௌனத்தில் இருக்கிறது. முன்பு இது நிலக்கரி ஊர். 1962 நவம்பரில் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள், அதன் அரசியல் விளைவாக 1963இல் நார்வே அரசே கவிழ்ந்தது. சுரங்கம் மூடப்பட்டு விஞ்ஞானிகள் வந்தார்கள். 1926இல் துருவப் பயணி அமுண்ட்சென் முதலியோர் சென்ற நோர்கே என்ற வான்கப்பலைக் கட்டிவைத்த இரும்புக் கம்பம் ஊருக்கு வெளியே இப்போதும் நிற்கிறது. ஊருக்குள் ஆர்க்டிக் ஆலாக்கள் தங்கள் கூட்டுக்கு அருகே வருவோரின் தலையைக் குறிபார்த்துக் கொத்துகின்றன. தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்தால் குச்சியைக் கொத்திவிட்டுப் போய்விடும்.

அங்கேதான் 2008 ஜூலையில் திறக்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. ஸ்வால்பார்டை நார்வேக்குத் தந்து, ஒப்பமிட்ட நாடுகளின் குடிமக்களுக்கும் அங்கே சம உரிமை அளித்த ஸ்வால்பார்டு ஒப்பந்தம் 1920இல் பாரிஸில் கையெழுத்தானபோது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. ஆகையால் அங்கே நமக்கு இருப்பது விருந்தாளி உரிமைக்கும் மேற்பட்டது. நிலையத்தைவிட என்னை ஈர்த்தது அதன் எதிரே கோங்ஸ்ஃபியோர்டில் நீருக்கடியில் மறைந்திருக்கும் ஒன்று. 2014 முதல் இந்திய விஞ்ஞானிகள் அங்கே இன்டார்க் என்ற உணரிக் கோவையை நங்கூரமிட்டு, வெவ்வேறு ஆழங்களில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்துவருகிறார்கள். அவர்கள் அளப்பதில், அபர்தீனிலிருந்து எங்களோடு ஏறிவந்த அதே அட்லாண்டிக் நீரும் அடக்கம். முன்பெல்லாம் அது ஃபியோர்டுக்குள் இவ்வளவாகப் புகாது. 2006ஐ ஒட்டிய குளிர்காலங்களிலிருந்து அதன் வரத்து கூடி, ஆண்டுதோறும் உறைந்துகொண்டிருந்த நீர்ப்பரப்பின் பெரும்பகுதி உறையாமலே கிடக்கிறது. ஆர்க்டிக்கின் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பது அந்த ஆய்வுகளின் கேள்விகளில் ஒன்று. படகிலிருந்து எட்டிப் பார்த்தேன். பனியாறு அரைத்த வண்டலால் நீர் கலங்கிய பால் நிறத்தில் இருந்தது. அடியில் இருப்பது எதுவும் தெரியவில்லை.

லாங்கியர்பியென்னில் இறங்கிய பிறகு சொல்ல அதிகமில்லை. ஏறத்தாழ 2500 பேர் வாழும் ஊர், மதுக்கடையும் பல்கலைக்கழக மையமும் உண்டு, ஊர் எல்லைக்கு வெளியே கரடிக்குத் தற்காப்பில்லாமல் போகக் கூடாது.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்வால்பார்டுக்கு எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை. ஆனால் அது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது, விமானம் போவதும் வருவதும் நார்வே வழியாக. ஓஸ்லோ வழியாகப் போய் அவ்வழியே திரும்புவோர் ஷெங்கனுக்குள் இருமுறை நுழைவதால், ஒற்றை நுழைவு விசா போதாது. நான் வந்த வழியில் வருவோருக்குக் கப்பலேற பிரிட்டன் விசாவும், இறங்கியபின் நார்வே வழியாக வீடு திரும்ப ஷெங்கன் விசாவும் தேவை. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பித்துப் பாஸ்போர்ட்டை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியிருப்பதால், மே மாதக் கப்பலுக்குப் பொங்கல் முடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. மருத்துவ மீட்பு வசதியுள்ள பயணக் காப்பீடு இல்லாமல் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். ஷெட்லாண்டை விட்டபின் காய்கறி வாங்க வழியில் கடை கிடையாது.